மறு: விட்டுவிட்டு வரும் இணைப்புக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்பை ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் கணினிக்கான உதவிப் பக்கங்களில் மற்றத் தலைப்புகள் முடிந்துவிட்டன. அருகலை (வைஃபை) வந்து வந்து போகும் கோளாறுக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை.

> 'துண்டிப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. துண்டிப்பு என்றால் இணைப்பே இல்லை. கடவுச்சொல்லையும் கம்பியையும் பார்க்கச் சொல்வோம். மந்தம் என்றால் இணைப்பு உண்டு, வேகம் இல்லை. இது மூன்றாவது வகை: ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், அரை நிமிடம் நிற்கும், தானே திரும்பும். காரணங்களும் வேறு. அருகலையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டுத் திசைவியும் (ரௌட்டர்) நம்முடையதும் ஒரே தடத்தில் (சேனல்) நெருக்கியடிக்கலாம். அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்ந்து இயங்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்று தடங்கள்தாம். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையெண்ணை ஒட்டித்தான் வேலை செய்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினியே அருகலை அடாப்டரை அணைத்துவிடுவதும் உண்டு. என் வீட்டில் நடந்தது இதுதான். நான் படித்த வழிகாட்டியில் எல்லாமே 'துண்டிப்பு' என்ற ஒரே தலைப்பின்கீழ் கிடந்ததால் இரண்டு நாள் கடவுச்சொல்லோடு போராடினேன். கணினியின் சாதன மேலாளரில் (டிவைஸ் மேனேஜர்), மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்கலாம் என்ற அந்த ஒரு தேர்வுக் குறியை எடுத்ததும் சரியாகிவிட்டது. பெயர் தவறினால் மருந்தும் தவறுகிறது.

> விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் (மலேரியா) போல 'முறையிணைப்பு' எனலாமே?

உவமை அழகு, அக்கா. ஆனால் முறைக்காய்ச்சல் நாள் கணக்கு வைத்து வரும். இதற்குக் கணக்கே கிடையாது. தவிர, முறையிணைப்பு என்றால் முறைப்படி கொடுத்த இணைப்பு என்றே படிப்பார்கள்.

> விட்டுவிட்டு இரட்டைக்கிளவி. அதிலிருந்து பெயர்ச்சொல் ஆக்குவது கடினம்.

இரட்டைக்கிளவி அல்ல, அடுக்குத்தொடர். 'சலசல'வைப் பிரித்தால் பொருள் போய்விடும். 'விட்டு' தனியே நின்றாலும் பொருள் தரும். ஆனால் பெயர்ச்சொல் கிடைக்காது என்பது உண்மை.

அதனால்தான் இடையறவு என்கிறேன். உறு உறவானதுபோல, வரு வரவானதுபோல, அறு அறவு. இடையறாது மழை பெய்தது என்று எல்லோரும் எழுதுகிறோம். அதன் மறுபக்கம்தானே இது? தொலைபேசியில் சொன்னால் 'இடையூறு' என்று காதில் விழும் என்கிறார் யாழ்ப்பாண நண்பர். அதை மறுக்க முடியவில்லை.

இதுவரை ஐந்து பேர் 'விட்டுவிட்டு வரும் இணைப்பு' பக்கம், மூன்று பேர் இடையறவு பக்கம். சரி, தலைப்பில் ஐவர் சொன்னதையே போடுகிறேன், சொல்லடைவில் இடையறவு இருக்கட்டும். ஆனால் திரையில் உள்ள சிறிய பொத்தானில் மூன்று சொல் கொள்ளாது. அங்கே இடையறவுதான் போடப்போகிறேன். மறுப்பவர்கள் நாளை இரவுக்குள், அதே அளவில் அடங்கும் வேறு சொல்லோடு வாருங்கள்.