அப்பா அம்மாவை இந்த நேரத்தில் கப்பல் பயணத்துக்கு அனுப்பலாமா?

கடற்கரைவீதி | ஜனவரி 16, 2022

வணக்கம். வெள்ளவத்தையில் அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். தம்பிக்குத் துபாயில் வேலை. கொரோனா தொடங்கியதிலிருந்து அவர்கள் அவனைப் பார்க்கவில்லை. பெப்ரவரி கடைசியில் துபாயிலிருந்து புறப்படும் ஏழு இரவுச் சொகுசுக் கப்பல் பயணம் ஒன்றுக்கு, தன் குடும்பத்தோடு இவர்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து முற்பணமும் கட்டிவிட்டான். அப்பாவுக்கு 71 வயது, சீனி வருத்தம் உண்டு. இருவருக்கும் இரண்டு தடுப்பூசியும் பைசர் பூஸ்டரும் ஏற்றியாயிற்று.

அப்பா கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ கப்பலைக் கரையில் நின்று பார்த்தவருக்கு ஒரு தடவையாவது பயணியாக ஏற வேண்டும் என்று ஆசை. தம்பி அனுப்பிய கப்பல் வரைபடத்தை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, தங்கள் அறை எது என்று பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மிச்சக் காசை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

நடைப்பயணி

அனுப்புங்கள் அக்கா. இது 2020 இல்லை. அப்போது தடுப்பூசியும் இல்லை, யாருக்குத் தொற்று என்று கண்டுபிடிக்கப் போதிய பரிசோதனையும் இல்லை. இப்போது தடுப்பூசிச் சான்றும் பரிசோதனை முடிவும் காட்டித்தான் ஏறவே முடியும். வெள்ளவத்தைச் சந்தையில் உங்களிடம் யார் அதைக் கேட்கிறார்கள்? போன கிழமை காஸ் சிலிண்டருக்கு நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் முகக்கவசம் தாடையில் தொங்கியது. பால்மாவுக்கும் காஸுக்கும் உங்கள் அப்பாவும் நிற்கிறார்தானே? அந்த வரிசையைவிடக் கப்பல் பாதுகாப்பானது என்றே நான் நினைக்கிறேன்.

தாதி_மருதானை

தம்பி, வரிசை திறந்த வெளியில் நிற்பது. முடிந்ததும் வீட்டுக்குப் போகிறோம். கப்பலில் ஏழு நாளும் அதே சாப்பாட்டு மண்டபம், அதே லிப்ட், அதே அரங்கம், அதே ஆட்கள்.

பரிசோதனையைப் பற்றிச் சொன்னீர்கள். இன்று தொற்றியவருக்கு இன்றே பொசிட்டிவ் காட்டாது. நெகட்டிவ் சான்றோடு ஏறி, இரண்டு மூன்று நாளில் மற்றவர்களுக்குக் கொடுப்பார். இது ஊகம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கப்பல்களிலிருந்து டிசம்பர் முதல் இரு வாரத்தில் வந்த தொற்று 162. பதினைந்தாம் திகதிக்கும் இருபத்தொன்பதாம் திகதிக்கும் இடையில் வந்தது 5,013. ஒமிக்ரோன் செய்த வேலை அது. டிசம்பர் 30 அன்று, தடுப்பூசி போட்டிருந்தாலும் கப்பல் பயணத்தைத் தவிருங்கள் என்று அந்த மையமே அறிவித்துவிட்டது. சீனி வருத்தமுள்ள 71 வயதுக்காரரைப் பற்றித்தான் நாம் கதைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

நடைப்பயணி

அந்த 5,013 எத்தனை பேரில் என்று சொல்லவில்லையே. டிசம்பர் விடுமுறையில் அங்கே கப்பலில் போனவர்கள் கொஞ்சப் பேரா? கப்பலில் தேடித் தேடிப் பரிசோதிக்கிறார்கள், அதனால் கணக்கு வருகிறது. கொழும்பில் காய்ச்சல் வந்தால் பாமசியில் பனடோல் வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? அதே மையம் கப்பல்களுக்கு விதித்திருந்த கட்டாய நிபந்தனைகளும் நேற்றோடு முடிந்துவிட்டன. இனி அவை கப்பல் நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றுவதற்கு மட்டும்தான்.

தாதி_மருதானை

நிபந்தனை முடிந்ததே தவிர, போக வேண்டாம் என்ற எச்சரிக்கை அப்படியேதான் இருக்கிறது.

மாலுமி77

நான் சொகுசுக் கப்பல்களில் சமையலறையில் வேலை செய்தவன், இப்போது மட்டக்குளியில் இருக்கிறேன். விளம்பரப் படத்தில் வராத பக்கத்தைச் சொல்கிறேன்.

பயணிகளுக்கு பால்கனி உண்டு. ஊழியர்களுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே, யன்னல் இல்லாத சின்ன அறை, மேலும் கீழுமாகக் கட்டில், இரண்டு பேர். கையை நீட்டினால் எதிர்ச் சுவர் படும். குளியலறையும் அதற்குள்ளேயே. ஒருவன் இரவு முழுக்க இருமினால் மற்றவன் அதே காற்றைத்தான் மூச்சில் எடுக்க வேண்டும். விடிந்ததும் இருவரும் மேலே போய் உங்களுக்குக் காலைச் சாப்பாடு பரிமாறுவோம். யோக்கோஹாமாவில் 2020 பெப்ரவரியில் பூட்டி வைத்த டயமண்ட் பிரின்சஸில் 3,711 பேர் இருந்தார்கள், 712 பேருக்குத் தொற்றியது. பயணிகளை அறைக்குள் இருத்திவிட்டு, அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது யார்? ஊழியர்களில் முதலில் உறுதியான 20 பேரில் 15 பேர் சாப்பாட்டுப் பகுதியில் வேலை செய்தவர்கள். வேலையில் இருந்த ஊழியர்களைப் பயணிகளைப் போலத் தனிமைப்படுத்தவே இல்லை. தனிமைப்படுத்தினால் கப்பல் ஓடாது. இன்றைக்குத் தடுப்பூசி வந்துவிட்டது, உண்மை. அறை பெரிதாகிவிட்டதா?

அடுத்தது, எனக்கு இதைவிடப் பெரிய விஷயம். கரையில் வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுப்பீர்கள். கப்பலில் அந்த முடிவு உங்கள் கையிலும் இல்லை, கப்டனின் கையிலும் முழுதாக இல்லை. எந்தத் துறைமுகம் இறங்க விடுகிறதோ அதன் கையில்தான் இருக்கிறது. 2020 பெப்ரவரியில் ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்ட வெஸ்டர்டாம் கப்பலைத் தாய்வானும் ஜப்பானும் தாய்லாந்தும் சேர்க்கவில்லை. கடைசியில் கம்போடியாதான் கை கொடுத்தது.

நம்முடைய கரையிலும் நடந்தது. 2020 ஏப்ரல் 6ஆம் திகதி, இங்கே ஊரடங்கு இருந்த நேரம், எம்எஸ்சி மக்னிபிக்கா கொழும்புக்கு வந்தது. உலகம் சுற்றப் புறப்பட்ட கப்பல். பயணிகள் வாரக்கணக்காகக் கரையில் கால் வைக்கவில்லை. அதில் கொரோனா நோயாளி ஒருவருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதில் வேலை செய்த இலங்கைச் சமையற்காரர் ஒருவர், என்னை இங்கே இறக்கிவிடுங்கள் என்று காணொளியில் கெஞ்சிக் கேட்ட பிறகுதான் கடற்படை போய் அவரை இறக்கியது. இருதய வருத்தத்தோடு இருந்த ஜெர்மன் அம்மா ஒருவரையும் இறக்கினார்கள். சொந்த நாட்டுக் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இறங்குவதற்கு மன்றாட வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் காணொளியைப் பார்த்து நான் அழுதேன்.

கொட்டாஞ்சேனை_யசோ

அண்ணா சொன்னது மனதைத் தொடுகிறது. ஆனாலும் நான் நடைப்பயணியின் பக்கம்.

2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியோடு எங்கள் பகுதியை மூடினார்களே, நாங்கள் தொடர்மாடியில் அடைபட்டுக் கிடந்தோம். கீழே இறங்க முடியாது, மரக்கறி வண்டி எப்போது வரும் என்று தெரியாது. அதோடு ஒப்பிட்டால் கப்பல் அறை ஒரு பொருட்டா? கொழும்பில் இருந்தாலும் அடைபட நேரும்.

நான் எழுத வந்த காரணம் வேறு. அம்மா போன ஓகஸ்டில் போய்ச் சேர்ந்தார், டெல்டா உச்சத்தில் இருந்த நேரம். அண்ணா கனடாவில். 2020 சித்திரைக்கு வர இருந்தான், விமான நிலையம் மூடியது. டிசம்பருக்கு என்றோம், அதுவும் சரிவரவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்று நாங்கள்தான் தள்ளிக்கொண்டே போனோம். அம்மா கடைசியாக அவனைப் பார்த்தது தொலைபேசித் திரையில்தான். வயதானவர்களுக்கு "பிறகு" என்று சொல்வது நாம் நினைக்கிற அளவுக்கு ஆபத்தில்லாத முடிவு இல்லை. வைரஸ் ஆபத்தை மட்டும் எண்ணுகிறீர்கள். போகாமல் இருப்பதன் ஆபத்தை யார் எண்ணுவது?

மாலுமி77

தங்கச்சி, அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் மகனைப் பார்க்கத் துபாய் போனால் போதும், கப்பல் ஏறத் தேவையில்லை. தம்பியின் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும். பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். காய்ச்சல் வந்தால் தம்பி காரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோவான்.

நடைப்பயணி

அண்ணா, அப்பாவின் ஆசை கப்பல்தான் என்று அக்கா முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். மகனைக் காட்டி அதை மறைக்கிறோம். 71 வயது என்பது புத்தி மாறிப்போன வயது இல்லை. துறைமுகத்தில் வேலை செய்தவருக்குக் கப்பலின் நல்லது கெட்டது நம் எல்லோரையும்விடத் தெரியும். அவரிடம் ஆபத்தைச் சொல்லுங்கள், முடிவை அவரிடமே விடுங்கள். நம் வீடுகளில் அம்மா அப்பாவுக்கு வயது போனதும் பாசத்தால் அவர்களை வீட்டுக் கைதியாக்கிவிடுகிறோம். இதை நான் என் வீட்டிலும் பார்க்கிறேன், எனக்குப் பிடிப்பதில்லை.

அண்ணா காட்டிய உதாரணங்கள் எல்லாம் 2020. உலகத்துக்கு ஒன்றுமே விளங்காத காலம். இன்று எந்தத் துறைமுகம் கப்பலைத் துரத்துகிறது?

தாதி_மருதானை

இந்த மாதத் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன கப்பல். ஏறக்குறைய 2,000 பேர், 66 பேருக்குத் தொற்று. துறைமுகத்தில் நின்றும் பயணிகளை இறங்க விடவில்லை, கப்பல் மும்பைக்கே திரும்பியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தம்பி.

தொற்றே இல்லாமலும் பயணம் குழம்பும். 2020 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து எங்கேயும் நிற்காமல் சுற்றிவரப் போன கப்பலில் 83 வயதான ஒருவருக்குப் பொசிட்டிவ் என்று வந்தது. 1,600க்கும் மேற்பட்ட பயணிகளை அறைக்குள் இருத்தி, கப்பலைத் திருப்பினார்கள். கரையில் மறுபடி பரிசோதித்தால் நெகட்டிவ்.

யாரும் யோசிக்காத இன்னொன்று. இலங்கைக்குத் திரும்ப 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆர் முடிவு வேண்டும். தொற்று வந்து முழுதாகக் குணமான பிறகும் பிசிஆர் சில கிழமைகளுக்குப் பொசிட்டிவ் காட்டக் கூடும். அப்பாவுக்கு இலேசாகத் தொற்றினாலும் விமான டிக்கெட் தவறும், விசாவின் நாள் ஓடும், இன்சுலினோ மாத்திரையோ கொண்டுபோனது முடியும். துபாய் போனாலே இந்தச் சிக்கல் உண்டு, கப்பலில் அது கூடும். போவதென்று முடிவானால் ஒரு மாதத்துக்கு மேலதிகமாக மருந்து கட்டாயம் கையில் இருக்க வேண்டும், கைப்பையில்தான், பெட்டியில் இல்லை.

நடைப்பயணி

மும்பைக் கப்பலில் 66 பேர் என்றால் மிச்சம் 1,900க்கு மேற்பட்டோருக்கு அப்போது தொற்று இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிசிஆர் பற்றிச் சொன்னது சரியான விஷயம், அதை ஏற்கிறேன்.

மாலுமி77

கடற்கரைவீதி, முகவரிடம் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். அறையில் அடைத்தால் காசு திருப்பித் தருவார்களா? கரையில் ஹோட்டலில் தனிமைப்படுத்தினால் யார் செலவு? இடையில் மஸ்கட்டில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட ஒருவர் இறங்க விடுவார்களா? பிரயாணக் காப்புறுதியில் கொவிட் சேர்ந்திருக்கிறதா, ஏற்கனவே இருக்கும் சீனி வருத்தத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பார்களா? கப்பல் டொக்டருக்குக் காசு டொலரில்தான். இங்கே வங்கியில் டொலர் வாங்குவது இப்போது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் கடலை வெறுப்பவன் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன். 2020இல் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகம் முழுக்க 4 லட்சம் கடலோடிகள் கப்பல்களில் நின்றார்கள், என்னோடு வேலை செய்த பொடியன்களும் அதில் இருந்தார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கடற்கரைவீதி | ஜனவரி 19, 2022

எல்லோருக்கும் நன்றி. நடைப்பயணி சொன்னபடி அப்பாவிடமே விட்டேன். நேற்று இரவு இந்தப் பதிவுகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். யசோவின் பதிவு வந்ததும் அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார். மக்னிபிக்கா கதையை அப்பா இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். அந்த நாட்களில் துறைமுகத்தில் இன்னும் வேலை செய்யும் கூட்டாளிகள் அதைப் பற்றிச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

முகவரிடம் தம்பி கேட்டான். அறைக்குள் அடைக்கும் நாட்களுக்குக் காசு கழித்துத் தருவார்களாம். இடையில் இறக்கினால் கூட ஒருவர் இறங்குவதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். அப்பா அந்த இடத்தில் மனம் மாறினார். "உன் அம்மாவைக் கப்பலில் விட்டுவிட்டு நான் மஸ்கட்டில் தனியே கிடக்கவோ" என்றார்.

துபாய் டிக்கெட் அப்படியே இருக்கிறது, பெப்ரவரியில் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். கப்பலை நவம்பருக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம். ஒரு தடவை மாற்றலாம், முற்பணம் போகாது என்கிறார்கள்.

நடைப்பயணி

அப்பாவே முடிவெடுத்தது சந்தோஷம். ஆனால் என் கருத்து மாறவில்லை அக்கா. நவம்பரில் வேறு திரிபு வராது என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் இதே கேள்வி வரும், அப்போது மறுபடி தள்ளிப்போட வேண்டாம். மாற்றித் தருவதாகச் சொன்னதை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை_யசோ

தம்பியைப் பார்க்கப் போகிறார்களே, எனக்கு அது போதும். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாலுமி77

நவம்பருக்கு மாற்றும்போது அறையையும் மாற்றுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. மருத்துவ அறைக்குப் போகும் லிப்ட் எது என்று அதே வரைபடத்தில் பார்த்து அப்பாவை இன்னொரு வட்டம் போடச் சொல்லுங்கள்.