மாப்பிள்ளை வீட்டு ஷ்னைடர் யார்? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

கவிதா (பென்சில்வேனியா): பெரியப்பா, உங்களுக்கு ஒரு வேலை. இவருடைய அத்தை வம்சாவளிப் படம் அனுப்பியிருக்கிறார். முதல் ஆள் யாக்கோப் ஷ்னைடர். ஜெர்மனியிலிருந்து வந்து 1738இல் பிலடெல்பியாவில் இறங்கியவராம். “1744இல் பென்சில்வேனியா மிலிஷியா வீரர்” என்று போட்டிருக்கிறது; மிலிஷியா என்றால் ஊர் மக்களையே திரட்டிய படை. மகளின் பள்ளிக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

மீனா அத்தை: நம் வீட்டில் பாட்டனாரின் அப்பா பெயரைக் கேட்டாலே எல்லோரும் விட்டத்தைப் பார்க்கிறோம். அவர்கள் 1738 வரை போய்விட்டார்கள்!

பெரியப்பா: 1738 இருக்கட்டும். 1744தான் இடிக்கிறது. அங்கே சட்டமன்றம் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கையில் இருந்தது. ஆயுதம் எடுப்பதே பாவம் என்பவர்கள். 1755 நவம்பர் வரை மிலிஷியா சட்டமே கிடையாது. 1747இல் பெஞ்சமின் பிராங்க்ளின் திரட்டியதுகூடத் தன்னார்வலர் படைதான்.

அருண்: பெரியப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பெரியப்பா: உன் அக்கா கவிதா வீட்டுக்குப் போயிருந்தபோது பனிக்காலம். மாப்பிள்ளையின் புத்தக அலமாரியை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

அருண்: 1777ஐ யாரோ 1744 என்று படித்திருப்பார்களோ? பழைய கையெழுத்தில் ஏழும் நான்கும் குழம்புமே.

பெரியப்பா: நல்ல கேள்வி. 1777 மார்ச்சில்தான் கட்டாய மிலிஷியா சட்டம் வந்தது; 18 முதல் 53 வயது வரை. அப்போது அது காலனியும் இல்லை, சுதந்திரம் அறிவித்தாகிவிட்டது. இப்போது கணக்குப் போடு. 1738இல் துறைமுகத்தில் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தவர்கள் 16 வயது நிரம்பிய ஆண்கள். அப்படியானால் 1777இல் அவருக்குக் குறைந்தது 55.

கவிதா: அப்படியானால் 1777 பட்டியலில் யாக்கோப் ஷ்னைடர் இருந்தால் அது மகனாக இருக்கலாம்!

பெரியப்பா: மகனோ, அண்ணன் மகனோ, சம்பந்தமே இல்லாத அடுத்த ஊர்க்காரரோ. அந்தப் பெயர் அங்கே நம் ஊர் முருகன் மாதிரி. சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்! தகப்பன் பெயர் இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தீர்மானிக்கக் கூடாது. எந்தக் கேப்டனின் கம்பெனி, எந்த ஊர், பட்டியலில் முன்னும் பின்னும் யார் என்று பார். அதே ஆட்கள் நிலப் பத்திரத்தில் சாட்சியாக வந்தால்தான் பிடி கிடைக்கும்.

கவிதா: ஊர் துல்பெஹாக்கன். பெர்க்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று எழுதியிருக்கிறார்கள். 1740களின் பத்திரம் அங்கே ஒன்றுகூட இல்லையாம்.

பெரியப்பா: இருக்காது. பெர்க்ஸ் உருவானதே 1752இல். அதற்கு முன் அந்த ஊர் லங்காஸ்டர் கவுண்டி. மனிதர் அதே வயலில்தான் உழுதிருப்பார், எல்லைதான் நகர்ந்தது. லங்காஸ்டரில் கேள்.

மீனா அத்தை: அப்படியென்றால் அவர் படையிலேயே இல்லையா? பிள்ளை என்ன எழுதுவாள்?

பெரியப்பா: அவசரப்படாதே மீனா. 1756இல் மாகாணமே சம்பளம் கொடுத்து ஒரு ரெஜிமென்ட் வைத்திருந்தது. அதன் முதல் பட்டாலியனுக்குத் தலைவர் கோன்ராட் வைசர். துல்பெஹாக்கன்காரர், அவரும் ஜெர்மன் குடியேறி. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் நடந்த காலம், எல்லைப்புறத்துப் பண்ணைகள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தன. யாக்கோப் படையில் இருந்தார் என்றால் அங்கேதான் முதலில் தேடுவேன். அந்த ரெஜிமென்டின் சில ஆள்பட்டியல்களில் வயது, பிறந்த நாடு, தொழில்கூட உண்டு. மிலிஷியா பட்டியலில் அதையெல்லாம் எதிர்பார்க்காதே.

கவிதா: அந்த ஆள்பட்டியல்களின் அச்சிட்ட தொகுப்பு நூலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை போகிறேன். தேவாலயப் பதிவும் பார்க்கவா?

பெரியப்பா: கட்டாயம் பார். லூத்தரன் தேவாலய ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரோடு சாட்சிகளின் பெயரும் வரும். பெரும்பாலும் உறவுக்காரர்களோ பக்கத்து வீட்டுக்காரர்களோதான். இன்னொன்று, அந்த லூத்தரன்களுக்காக 1742இல் பென்சில்வேனியாவுக்கு வந்த போதகர் மூலன்பெர்க்கை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நிறுவனம். நம் தரங்கம்பாடி மிஷனுக்குப் பின்னால் நின்றதும் அதே ஹாலேதான்!

அருண்: பெரியப்பா எப்படியோ தரங்கம்பாடிக்கு வந்துவிட்டார். 😄

கவிதா: ஒரு சிக்கல் இருக்கிறது. 1738இல் உறுதிமொழி எடுத்தவர்களின் பட்டியலில் அதே பெயரில் இரண்டு பேர். ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இன்னொருவருக்கு எழுத்தர் பெயரை எழுத, அவர் குறி மட்டும் வைத்திருக்கிறார்.

பெரியப்பா: அதைச் சிக்கல் என்கிறாயே, அதுதான் உனக்குக் கிடைத்த முதல் நல்ல சான்று. அவருடைய உயில் இருக்கிறதா?

கவிதா: பெர்க்ஸின் தலைநகர் ரெடிங்கில், நீதிமன்றத்தில் இருக்கிறதாம், ஜெர்மன் எழுத்தில். நகல் கேட்டு எழுதிவிட்டேன்.

பெரியப்பா: உயிலில் கையெழுத்து இருந்தால் பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடு. வெறும் குறிதான் என்றால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டாதே, சாகும் நேரத்தில் கை நடுங்கியும் குறி வைப்பார்கள். அதுவரை அத்தையிடம் 1744ஐ எங்கும் போட வேண்டாம் என்று சொல்.

கவிதா: ஆகஸ்ட் குடும்பச் சந்திப்புக்குச் சட்டை அச்சடித்தாகிவிட்டது பெரியப்பா. முதுகில் பெரிதாக 1744.

மீனா அத்தை: ஐயோ!

பெரியப்பா: சட்டை போகட்டும். உயில் வந்ததும் கடைசிப் பக்கத்தை மட்டும் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பு.