மறு: 'ஜியாய்டு' – செவ்வாய்க்கும் பொருந்தும் சொல்லாக இருக்கட்டும்

> 'ஜியாய்டு'க்குப் 'புவியுரு' என்றே பட்டியலில் ஏற்றிவிடலாமா?

அன்புடையீர்,

ஏற்றுமுன் ஒரு தடை. பூமியில் உயரங்களை எதிலிருந்து அளக்கிறோமோ அந்த மட்டப் பரப்புதான் 'ஜியாய்டு'. நாம் தொகுப்பது கோள் அறிவியல் சொற்பட்டியல். இதே பொருளில் செவ்வாய்க்கு 'ஏரியாய்டு', நிலாவுக்கு 'செலினாய்டு' என்று அடுத்தடுத்து வந்து நிற்கும். 'செவ்வாயின் புவியுரு' என்று எழுத முடியாது. 'செவ்வாயுரு' என்றாலோ மேடு பள்ளமெல்லாம் சேர்ந்த அதன் உருவம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வருவது அந்த மேடு பள்ளங்களை எதிலிருந்து அளக்கிறோமோ அந்தப் பரப்பை.

செவ்வாயை அளந்த விதத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 'மார்ஸ் குளோபல் சர்வேயர்' விண்கலம் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி நொடிக்கு 10 லேசர் துடிப்புகளைத் தரைக்கு அனுப்பியது. ஒவ்வொன்றும் போய்த் திரும்ப 3 மில்லிநொடிகூட ஆகாது. அந்த நேரத்திலிருந்து தரைக்குள்ள தொலைவும், கலத்தின் பாதையிலிருந்து கோளின் மையத்துக்குள்ள தொலைவும் தெரியும். கழித்தால் அந்த இடத்தின் ஆரம். இதுவரை வெறும் வடிவியல்.

ஆனால் ஆரம் வேறு, உயரம் வேறு. செவ்வாயின் நடுக்கோட்டு ஆரம் 3396 கி.மீ., துருவ ஆரம் 3376 கி.மீ. மையத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிட்டால் நடுக்கோட்டுச் சமவெளியெல்லாம் துருவத்தைவிட 20 கி.மீ. உயர்ந்த பீடபூமி ஆகிவிடும். ஒலிம்பஸ் மலையின் உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பூமியிலும் இதே கதை. மையத்திலிருந்து மிகத் தள்ளி நிற்பது எவரெஸ்ட் இல்லை, ஈக்வடாரின் சிம்போராசோ. ஆகவே கோளின் ஈர்ப்பையும் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டு, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும் ஒரு பரப்பை எடுத்துக்கொள்கிறார்கள். எந்த இடத்தில் ரசமட்டத்தை வைத்தாலும் குமிழி நடுவில் நிற்கும் பரப்பு. பூமிக்கு அதுதான் ஜியாய்டு. அது வழவழப்பானதும் இல்லை: இலங்கைக்குத் தெற்கே நீள்வட்டகத்தைவிட (பூமிக்கு எடுத்துக்கொள்ளும் சீரான தட்டை உருண்டை வடிவைவிட) 100 மீட்டருக்கு மேல் குழிந்திருக்கிறது.

எனவே என் பரிந்துரை மட்டவுரு. புவி மட்டவுரு, செவ்வாய் மட்டவுரு, நிலா மட்டவுரு. 'செவ்வாய் மட்டவுருவிலிருந்து 21 கி.மீ. உயரம்' என்று எழுதிப் பாருங்கள், இடறவில்லை.

'ஃப்ளாட்டனிங்'குக்கு, அதாவது துருவ ஆரம் நடுக்கோட்டு ஆரத்தைவிட எத்தனை பங்கு குறைவு என்பதற்கு, வந்த 'தட்டைமை'யில் எனக்கு மறுப்பில்லை. பூமிக்கு 298-இல் 1 பங்கு, சனிக்கு ஏறக்குறைய 10-இல் 1. இரண்டுக்கும் அது போதும்.

---

> என் பரிந்துரை மட்டவுரு.

ஐயா, விளக்கம் நன்று. சொல்தான் உறுத்துகிறது. 'மட்டமான உரு' என்று கிண்டல் செய்வார்களே. எங்கள் இலங்கைப் பாடநூல் வழக்கில் 'ஈக்விபொட்டன்ஷியல் சர்ஃபேஸ்', அதாவது நிலையாற்றல் எங்கும் ஒன்றாக உள்ள பரப்பு, என்பதற்குச் 'சமவழுத்தப் பரப்பு' ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்தால் என்ன?

---

'கடல்மட்டம்', 'நீர்மட்டம்' என்று நாளிதழில் தினமும் வருகிறது, யாரும் சிரிப்பதில்லை.

சமவழுத்தப் பரப்பு இயற்பியலுக்கு மிகச் சரி. சிக்கல் வேறிடத்தில். 'பிரஷரு'க்கு நீங்கள் சொல்லும் 'அமுக்கம்' எதுவோ அதுதான் இங்கே தமிழ்நாட்டில் 'அழுத்தம்'. வியாழன், சனி இரண்டுக்கும் கால்வைக்கத் தரை கிடையாது. வளிமண்டல அழுத்தம் 1 பார் (ஏறத்தாழ பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தம்) இருக்கும் மட்டத்தையே பரப்பாக வைத்து ஆரம் சொல்கிறார்கள். சனியின் நடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ., துருவ ஆரம் 54,364 கி.மீ. என்பதெல்லாம் அந்த மட்டத்துக்குத்தான். அந்தப் பக்கத்தில் போய் 'சமவழுத்தப் பரப்பு' என்று எழுதினால், தமிழ்நாட்டு மாணவர் எல்லா இடத்திலும் 1 பார் உள்ள பரப்பு என்றே படிப்பார். சனியில் காற்று பலமாக வீசுவதால் 1 பார் பரப்பும் நிலையாற்றல் ஒன்றாக உள்ள பரப்பும் துல்லியமாக ஒன்றல்ல. குழப்பம் பெயரோடு நிற்காது, கணக்கிலும் ஏறிவிடும்.

---

> குழப்பம் பெயரோடு நிற்காது

இது நியாயம். அப்படியானால் பொதுக் கருத்துக்குச் 'சமநிலையாற்றல் பரப்பு', அவற்றில் உயரம் அளக்கத் தேர்ந்த ஒன்றுக்கு மட்டும் 'மட்டவுரு'. வெள்ளிக்கு இன்னும் சராசரி ஆரமான 6051.8 கி.மீ.யிலிருந்தே உயரம் சொல்கிறார்கள். அதற்கு மட்டவுரு என்று போட்டுவிடாதீர்கள், 'மேற்கோள் கோளம்' போதும். 243 நாளுக்கு ஒருமுறை சுழலும் கோளுக்குத் தட்டைமையும் தேவைப்படாது.

ஒரு விண்பொருள் இன்னொன்றை மறைக்கும் 'ஒக்கல்டேஷன்' பற்றித் தனி இழை தொடங்குங்கள். 'மறைப்பு' என்ற சொல்லைக் கிரகணக்காரர்கள் முன்பே பிடித்துவைத்திருக்கிறார்கள்.