நாற்பது பேருக்குக் கிறிஸ்மஸ் பலகாரம்: கடைசி நேரத்துல சொதப்புற இடம் எது?

கல்மண்டபம்_அடுப்பு
பிளம் கேக் அளவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெண்ணெய், சீனி, மைதா மூணும் அரை அரை கிலோ, முட்டை பத்து, ஊறின உலர்பழம் ஒரு கிலோ. எட்டு அங்குல டின் மூணு வரும். உறுத்துறது கேரமல்தான். 200 கிராம் சீனியைத் தண்ணி இல்லாம உருக்கினா முதல்ல தேன் நிறம், அப்புறம் டிகாஷன் நிறம், அப்புறம் ஓரத்துல நுரைச்சுப் புகை கிளம்பும். அந்த நொடியே அடுப்பை அணைச்சு, 150 மில்லி கொதிதண்ணியைத் தள்ளி நின்னு ஊத்தணும். அசந்தா கேக்கே கசக்கும், சீனி கூட்டினாலும் மறையாது. பச்சைத்தண்ணி ஊத்தினா பாகு கல்லாகிடும். நல்லா ஆறினப்புறம்தான் கலவையில சேர்க்கணும், இல்லைன்னா வெண்ணெய் உருகி, அடிச்ச காத்தெல்லாம் போச்சு. பழம் அடியில தங்காம இருக்க மைதால புரட்டிப் போடுங்க.

லோகோ_பெரம்பூர்
அக்கா, மைதால புரட்டுறது பாதி வைத்தியம். பழம் அடியில போறது கலவை தளர்ந்திருக்கிறதால. கரண்டியைச் சாய்ச்சா தொப்புன்னு விழணும், வழியக்கூடாது. ஊறின பழத்தை அரை மணி நேரம் வடிகட்டியில வெச்சு, துணியில ஒத்திட்டுப் போடணும். புரட்டுற மைதா அந்த அரை கிலோவிலிருந்தே எடுக்கணும், தனியா சேர்த்தா கேக் வறண்டுடும். முட்டை ஃபிரிட்ஜ் குளிரோட போனா கலவை திரியும். திரிஞ்சா ஒரு கரண்டி மைதா போட்டு அடிங்க, சேர்ந்துக்கும். நடுவுல குழி விழுதுன்னா பேக்கிங் பவுடர் கூடிப்போச்சு (இந்த அளவுக்கு ரெண்டு டீஸ்பூன் தாராளம்), இல்லைன்னா வேகுறதுக்குள்ள ஓவன் கதவைத் திறந்துட்டீங்க.

காசிமேடு_கல்கல்
கேக்கை விடுங்க. அச்சு முறுக்கு அச்சை விட்டு வராம தொங்குமே, அதுதான் கொடுமை. அச்சு எண்ணெய்லயே கிடந்து காயணும். மாவுல முக்கினா ‘சொய்ங்’னு சத்தம் வரணும், வரலைன்னா சூடு பத்தலை. முக்கால் உயரம்தான் முக்கணும். மேல் விளிம்பை மாவு மூடிட்டா கத்தியால நெம்பினாலும் வராது. சீனியைப் பொடிச்சே போடுங்க, கரையாத சீனி அச்சுல கருகி ஒட்டும். புது அச்சுன்னா முந்தின நாள் ராத்திரியே எண்ணெய்ல ஊறட்டும். மார்கழி ஈரக்காத்துல கல்கல் (இனிப்பு மாவைச் சின்னதாச் சுருட்டிப் பொரிக்கிற பலகாரம்) தட்டுல ஒரு மணி நேரம் கிடந்தாலே நமுத்துடும், நம்ம பக்கம் கடல்காத்து வேற. ஆறின உடனே டப்பாவுல அடைங்க.

பழைய_வண்ணை
யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்றேன். வீட்டு ஓவன்ல மூணு டின் ஒண்ணா வைக்காதீங்க, காத்து சுத்தாது. கலவையை டின்னோட பேக்கரில சுடக் குடுக்கிறதுன்னா 23, 24ஆம் தேதி கூட்டத்துல போகாதீங்க, டின் மாறிப்போகும். பழக்கேக் பத்து நாள் இருந்தா ருசி கூடத்தான் செய்யும், அதனால மாச நடுவுலேயே குடுத்துடுங்க. விறகு அடுப்புன்னா ரொட்டி எடுத்தப்புறம் சூடு தணிஞ்ச நேரம் கேட்டு வாங்குங்க. ரொட்டிச் சூட்டுல வெச்சா மேல கருகி உள்ள பச்சையா நிக்கும். டின்னுல முக்கால் பாகத்துக்கு மேல ரொப்பாதீங்க. உள்ள பிரவுன் பேப்பர் ரெண்டு மடிப்பு, வெளியே செய்தித்தாள் சுத்தி நூல் கட்டுங்க, ஓரம் காயாது. பேரைப் பேப்பர்ல எழுதினா எண்ணெய் பட்டு அழியும், டின் அடியில ஆணியால கீறிடுங்க. ஈர்க்குச்சியை நடுவுல குத்துங்க, ஓரத்துல குத்திட்டு வெந்துடுச்சுன்னு சொல்லாதீங்க.

லோகோ_பெரம்பூர்
அண்ணே, முக்கால் பாகம் பழக்கேக்குக்குச் சரி. வெறும் வெண்ணெய் கேக்குக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலதான், இல்லைன்னா பொங்கி வழியும்.

கல்மண்டபம்_அடுப்பு
குக்கர்ல வைக்கிறவங்களுக்கு: கேஸ்கெட், விசில் ரெண்டையும் கழட்டிடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. அடியில ரெண்டு கப் கல்லுப்பு, மேல ஸ்டாண்டு. பத்து நிமிஷம் காய்ஞ்சப்புறம் டின், அதுக்கப்புறம் சிம்லயே விடுங்க. அந்த உப்பைக் குழம்புல போட்டுடாதீங்க.