குடும்ப நல ஆய்வுக்குப் போன வீடுகளில் கேட்டவை

களப்பணியாளர், வட தமிழகம்

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் பெண்களை நேர்காணல் செய்யும் களப்பணியாளராக வேலை பார்த்தேன். அதன் முடிவுகள் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் இரத்தசோகை இத்தனை விழுக்காடு, குடும்ப வன்முறை இத்தனை விழுக்காடு என்று எண்கள் மட்டும் பேசப்படுகின்றன. அந்தப் பதில்கள் எந்தத் திண்ணையில், யார் காதில் விழும் தூரத்தில் சொல்லப்பட்டவை என்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை, எண்ணின் தரத்தை முடிவு செய்வது அதுதான். இப்படிப்பட்ட ஆய்வுகளில் கேள்வி கேட்டவர்களும் பதில் சொன்னவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்ற வேண்டுகோளுடன் என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் பொறுப்பில் 1992-93 முதல் நடந்துவரும் ஆய்வு இது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் நாடு முழுவதும் 7 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பதிலளித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் முதலில் வீடுகளைப் பட்டியலிட்டு, அதிலிருந்து 22 வீடுகளைத் தேர்ந்தெடுத்துத் தருவார்கள். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிட முடியாது. திரும்பத் திரும்பப் போய்த்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2020 ஜனவரியில் வேலை தொடங்கியது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. வீட்டிலுள்ளவர்களின் பெயர், வயது, மதம் என்று கேட்டுக்கொண்டு டேப்லெட் கணினியுடன் தெருவில் நுழைந்த எங்களை மக்கள் சந்தேகத்துடன் பார்த்ததில் வியப்பில்லை. ஒரு தெருவில் ஜமாத் பெரியவர்களிடம் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, அவர்களே உடன் வந்து சொன்ன பிறகுதான் கதவுகள் திறந்தன. மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. டிசம்பரில் முகக்கவசத்துடன் மறுபடி போனோம். முகத்தின் பாதி மறைந்திருக்க, முன்பின் அறியாத ஒருத்தியிடம் மாதவிடாயைப் பற்றியும் கணவனைப் பற்றியும் ஒரு பெண் எப்படிப் பேசுவாள் என்ற கவலை எனக்கு நெடுநாள் இருந்தது.

குடும்ப வன்முறை பற்றிய பகுதிக்குத் தனி விதி உண்டு. தேர்வான வீடுகளில் ஒரு பகுதியில் மட்டுமே, வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டுமே, அதுவும் முழுத் தனிமை கிடைத்தால் மட்டுமே அதைக் கேட்கலாம். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். பதில் சொன்னதற்காகவே ஒரு பெண் அன்றிரவு அடி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைகளையொட்டி வைக்கப்பட்ட விதி அது. விதி சரியானதுதான். ஆனால் நம் வீடுகளில் தனிமை என்பது கேட்டுக் கிடைக்கும் பொருள் அல்ல. நான் பாயில் உட்கார்ந்ததும் மாமியார் முறத்தில் மொச்சையைக் கொட்டிக்கொண்டு எதிரில் உட்காருவார். கணவர் வாசலில் நின்று செல்போனைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுப் பெண் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்ப்பார். யாராவது உள்ளே வந்தால் உடனே தடுப்பூசி பற்றியோ குடிநீர் பற்றியோ பேச்சை மாற்றச் சொல்லிப் பயிற்சியில் பழக்கியிருந்தார்கள்.

ஒரு வீட்டில் மாமியார் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்த நேரத்தில் மருமகள், "அக்கா, தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும், பேசிக்கிட்டே வர்றீங்களா?" என்று கேட்டு என்னைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். மோட்டாரைப் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். அந்த இரைச்சலுக்குள் நான் குனிந்து அவர் காதருகே ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன்: தள்ளியது, அறைந்தது, முடியைப் பிடித்து இழுத்தது, விருப்பமில்லாதபோது கட்டாயப்படுத்தியது. அவர் அழவில்லை, கணக்குச் சொல்வதைப் போலத் தெளிவாகச் சொன்னார். தொட்டி நிரம்பி வழிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, அடுத்த நொடியே உரத்த குரலில், "பாப்பாவுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றார். அந்தப் பெண்ணுக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

நாங்கள் அங்கே தலையிட முடியாது. ஆய்வின் எல்லை அது. உதவி பெறக்கூடிய இடங்களைச் சொல்லலாம், பெண்களுக்கான உதவி எண் 181ஐச் சொல்லலாம், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லலாம். எண்ணைத் தாளில் எழுதித் தர வேண்டாம் என்றும் மனத்தில் வைத்துக்கொள்வதாகவும் அந்த மருமகள் சொன்னார். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று அறிக்கை வெளிவந்தது. அதைப் பெரிய எண் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். மோட்டார் இல்லாத வீடுகளை நினைத்துக்கொள்ளும் எனக்கு அது குறைந்தபட்ச எண்ணாகவே தெரிகிறது.

ஆண்களிடம் கேட்டவர்

ஆண்களுக்கான நேர்காணல் 15 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம் எடுக்கப்பட்டது. அதை எங்களைப் போன்ற ஆண் களப்பணியாளர்கள் எடுத்தோம். பெண்கள் பகுதியில் தனிமைக்குப் பட்ட பாட்டை மேலே படித்தேன். ஆண்களிடம் இடைஞ்சல் வேறு விதம். எங்கள் வருகையை அவர்கள் இரகசியமாகக் கருதுவதே இல்லை. டீக்கடையில் வைத்தே கேளுங்கள் என்பார்கள். மனைவி சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ குழந்தையையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், சரியாகச் சமைக்காவிட்டால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், உடலுறவுக்கு மறுத்தால், இவற்றில் எதற்காக அடிப்பது நியாயம் என்று ஏழு காரணங்களை வாசிக்க வேண்டும். நண்பர்கள் சூழ இருந்த ஓர் இளைஞர் நான்கைந்துக்கு "ஆமா" என்று சத்தமாகச் சொன்னார். விதிப்படி தனியே வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று அவரைக் கோயில் மதிலோரம் அழைத்துப் போய் முதலிலிருந்து கேட்டபோது ஒவ்வொன்றுக்கும் யோசித்து "இல்லை" என்றார். கடைசியில், "எங்கம்மா வாங்கின அடியப் பாத்து வளந்தவன் சார் நான்" என்றார். பதிவானது இரண்டாம் முறை சொன்னதுதான். எது அவருடைய உண்மையான கருத்து என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் அவரால் "இல்லை" என்று சொல்ல முடியவில்லை என்பது மட்டும் உறுதி.

இரத்தம் பார்த்தவர்

உடல் அளவீடுகளை எடுக்கும் பணியில் இருந்தேன். உயரம், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் ஹீமோகுளோபின். பெண்களில் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிகளில் 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. முடிவை அங்கேயே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று தெரிய வந்தது. மாத்திரை கிடைக்காததால் வந்த நிலை இல்லை இது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் போகிறார். ஒரு வீட்டில் பீரோவுக்கு மேலிருந்த பிஸ்கட் டப்பாவை அந்தப் பெண்ணே இறக்கிக் காட்டினார். பட்டை பட்டையாகப் பிரிக்கப்படாத மாத்திரைகள். சாப்பிட்டால் வயிறு பிடிக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுத்துவிடும் என்று நாத்தனார் சொன்னார், ஆகவே நிறுத்திவிட்டார். மாத்திரை வாங்கினீர்களா என்று கேட்பதோடு நிற்காமல் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்றும் இந்த ஆய்வு கேட்பதன் அருமை எனக்கு அன்று புரிந்தது. செவிலியரின் பதிவேட்டில் அவர் மாத்திரை பெற்றவர். எங்கள் கணக்கில் சாப்பிடாதவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழுத்தமும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் பார்த்தோம், ஹீமோகுளோபினைப் பெண்களில் 49 வயது வரைதான் பார்த்தோம். வயதான அம்மாக்கள் விரலை நீட்டிக்கொண்டு, "எனக்கும் ரத்தம் எவ்வளவுன்னு பாரும்மா" என்று கேட்பார்கள். ஆண்டு முழுவதும் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் அவர்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிவிட்டால் பெண்ணின் இரத்தத்தைப் பற்றிய அக்கறை நின்றுவிடுகிறது என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தால் நம்மால் என்ன மறுமொழி சொல்ல முடியும்? 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2017-18இல் நீண்டகால முதுமை ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கிராமத்தில் அன்று விரலை நீட்டியவர்களுக்கு நான் சர்க்கரையின் அளவை மட்டுமே சொல்ல முடிந்தது.

நேரப் பயன்பாட்டு ஆய்வில் பணியாற்றியவர்

2019இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில் இருந்தேன். முதல் நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுவது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று முடிவு வந்தது. ஓர் அரை மணிக்குள் பல வேலைகள் நடந்திருந்தால் பத்து நிமிடமாவது நீடித்ததை மட்டும் பதிய வேண்டும். நான் சந்தித்த ஒரு பெண்ணின் மாமனார் பக்கவாதத்தில் கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, வாயைத் துடைப்பது, ஈயை விரட்டுவது, தண்ணீர் புகட்டுவது என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். நாள் முழுதும், இரவிலும். சமையல் ஏறியது, துணி துவைத்தது ஏறியது, அந்தப் பராமரிப்பில் பெரும் பகுதி அட்டவணையில் ஏறவில்லை. "ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன்னு எழுத மாட்டீங்களா?" என்று அவர் கேட்டார். கேட்கப்பட வேண்டிய கேள்வி அது, கணக்கு வகுப்பவர்களிடம்.

பதில் சொன்ன ஒருவர்

நான் கேள்வி கேட்டவள் இல்லை. என் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. வந்த பெண் சற்று நேரம் பொறுத்து, பிறந்து அழுது, பிறகு தவறிப்போன குழந்தை ஏதேனும் உண்டா, ஒரு நாளோ சில மணி நேரமோ இருந்திருந்தாலும் சொல்லலாம் என்றார். மாமியார் வீட்டிலும் தாய் வீட்டிலும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதே பரிவு என்று நினைத்திருப்பார்கள். இருந்தாள் என்றேன். தேதி நினைவில்லை. சுனாமி வந்த மார்கழிக்கு முந்தைய ஆடி என்று சொன்னதும், அதை வைத்து ஆண்டையும் மாதத்தையும் அவரே கணக்கிட்டார். பெயர் என்ன என்று கேட்டார். பதிவேட்டில் வைத்த பெயர் எதுவும் இல்லை, ஆனால் நான் மனத்துக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். முதல் முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். மூத்தவளாக அவளை எழுதிக்கொண்டு, மற்ற இருவரையும் அவளுக்குக் கீழே எழுதினார். தமிழ்நாட்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 18.6 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறக்கின்றன என்று பின்னர் படித்தேன். அது அண்மை ஆண்டுகளின் கணக்கு என்பதால் என் மகள் அதில் இல்லை என்று மகன் விளக்கினான். இருந்தாலும் பிறந்தவர்களின் வரிசையில் ஓரிடத்தில் அவள் முதலாவதாக இருக்கிறாள் என்பது எனக்குப் போதும்.

மேற்பார்வையாளராக இருந்தவர்

இவ்வளவு கேட்டு வாங்கிக்கொண்டு போகிறோம், முடிவை யாரும் அந்த ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வதில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அறிக்கை வந்த பிறகு, நாங்கள் பணியாற்றிய பகுதியில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில், தெரிந்தவர் மூலம் அனுமதி பெற்று, மாநிலத்துக்கான எண்களைத் தமிழில் எழுதி வாசித்தேன். இரத்தசோகை எண்ணைக் கேட்டுத் தலையசைத்தார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் 25.4 விழுக்காடு என்று வாசித்ததும் கூட்டம் கலைந்துவிடும் அளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. நூற்றுக்கு 25தானா என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், இதை யாரிடம் கேட்டு எழுதினீர்கள் என்று கேட்டார். வீட்டு உறுப்பினர்கள் பற்றிய விவரங்களை வீட்டிலிருக்கும் வயது வந்த ஒருவரிடம் கேட்போம், அது ஆணாகவும் இருக்கலாம் என்றேன். "அப்ப அவங்க வீட்ல இருக்கற நேரத்துலயா வந்தீங்க?" என்றார் அவர். எங்கள் ஊரில் ஆண்கள் செங்கல் சூளைக்குப் போன பிறகு, பத்து மணிக்கு மேல், தண்ணீர் பிடித்து முடிந்திருக்கும் நேரத்தில் அடுத்த முறை வரச் சொல்லுங்கள் என்று குழுவின் தலைவி தீர்மான நோட்டில் எழுதி என்னிடம் ஒரு நகல் கொடுத்தார். எங்கள் பழைய ஒருங்கிணைப்பாளருக்கு அதை அனுப்பியிருக்கிறேன்.