'எவ்ரிஒன்' ஒருமை என்றால் 'தேர்' எப்படி வரும்?

புதுமாணவி: 'எவ்ரிஒன் ஹேஸ் ஃபினிஷ்டு தேர் வொர்க்.' இதில் பிழை திருத்தச் சொல்லி ஒரு பயிற்சித் தாள். 'தேர்' (their, 'அவர்களுடைய') தவறு, 'ஹிஸ்' (his, 'அவனுடைய') என்று வரவேண்டும் என்கிறது விடைக்குறிப்பு. ஆனால் படிக்கிற கட்டுரைகளில் எல்லாம் 'தேர்'தான் கண்ணில் படுகிறது. எதை நம்புவது?

சிவப்புமை: விடைக்குறிப்பையே நம்புங்கள். 'எவ்ரிஒன்' ஒருமை, அதனால்தான் 'ஹேவ்' வராமல் 'ஹேஸ்' வந்திருக்கிறது. பிரதிப்பெயர் தான் குறிக்கும் பெயரோடு எண்ணில் ஒத்துப்போக வேண்டும். வினைக்கு ஒருமை, பிரதிப்பெயருக்குப் பன்மை என்றால் இலக்கணம் எதற்கு? 'ஹிஸ்' ஆணை மட்டும் குறிப்பதாகப் பட்டால் 'ஹிஸ் ஆர் ஹெர்' போடுங்கள்.

அரைப்புள்ளி: சரி ஐயா, உங்கள் விதியை அடுத்த வாக்கியம் வரை இழுத்துப் பார்ப்போம். 'எவ்ரிஒன் கிளாப்டு, சோ ஐ தேங்க்டு ஹிம்.' கைதட்டியது அரங்கம் முழுக்க, நன்றி யாரோ ஒருத்தருக்கு! இங்கே 'தெம்' போடாமல் ஒருவராலும் எழுத முடியாது. இன்னொன்று, கொஸ்டின் டேக், அதாவது வாக்கியத்தின் கடைசியில் 'இல்லையா?' என்று ஒட்டுகிற குறுங்கேள்வி. 'எவ்ரிஒன் ஹேஸ் கம்' என்பதற்கு டேக் என்ன? 'ஹேவன்ட் தே?' இதை எல்லா இலக்கண வகுப்பிலும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். டேகில் சரியாக இருக்கிற 'தே' வாக்கியத்துக்குள் நுழைந்தால் மட்டும் குற்றமா?

சிவப்புமை: டேக் விதிவிலக்கு. விதிவிலக்கை விதியாக்காதீர்கள்.

ஓலைச்சுவடி: 'விதி' என்கிறீர்களே, அதற்கு எத்தனை வயது? ஒருமைக்கு 'தே' வருவது 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே உண்டு. அதைப் பிழை என்று திருத்தும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வலுத்தது. 1795இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூல் அதைப் பரப்பியதில் முக்கியமானது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பால் சொல் பெண்களையும் குறிக்கும் என்று சட்டமே போட்டது.

'யூ'வும் முதலில் பன்மைதான். ஒருமைக்குத் 'தௌ' இருந்தது, வழக்கொழிந்தது. எதிரில் நிற்கிற ஒரே ஆளிடம் 'யூ ஆர்' என்கிறோமே, அதற்குச் சிவப்பு மை ஏன் இல்லை?

நமக்கு இது புதிதும் இல்லை. 'ஒருவர்' இருபாலுக்கும் பொது, ஒருமைப் பொருள் தந்தாலும் பன்மை வினை கொள்ளும் என்று நன்னூலே சொல்கிறது. 'ஒருவர் வந்தார்' என்றால் எத்தனை பேர் என்று யாராவது குழம்புகிறோமா?

சிவப்புமை: நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். 'ஒருவர்' பன்மை வினையை எடுத்தால் கடைசிவரை அதோடுதான் போகும். 'ஒருவர் வந்தான், அவர் அமர்ந்தார்' என்று எழுதுவீர்களா? ஆங்கிலத்தில் நீங்கள் கேட்பது அந்தக் கலவையைத்தான்: முதலில் 'ஹேஸ்', பிறகு 'தேர்'. குழப்பமும் கூடுகிறது. 'தி டாக்டர் டோல்ட் தி பேஷன்ட்ஸ் தே வுட் பி லேட்.' தாமதமாக வரப்போவது டாக்டரா, நோயாளிகளா?

அரைப்புள்ளி: இரண்டு ஆண்களைப் போட்டால் 'ஹி'யும் அப்படித்தான் குழப்பும். அது எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது. 'ஹேஸ் – தேர்' கலவை உறுத்தும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 'தி கமிட்டி ஹேஸ் மேட் தேர் டிசிஷன்' என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! பெயர்ச்சொல்லின் வடிவத்துக்கு வினை இணங்குகிறது, அதன் பொருளுக்குப் பிரதிப்பெயர் இணங்குகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2019 நடைக் கையேடே ஒருமைத் 'தே'யை ஏற்றுவிட்டது. ஆய்வுக் கட்டுரைக்கே ஆகும் என்றால் பயிற்சித் தாளுக்கு ஆகாதா?

புதுமாணவி: அதெல்லாம் சரி, தேர்வில் என்ன எழுத? திருத்துகிறவர் சிவப்புமை ஐயா மாதிரி இருந்தால்?

சிவப்புமை: பெயரைப் பன்மையாக்கிவிடுங்கள். 'ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் ஃபினிஷ்டு தேர் வொர்க்.' நானும் மதிப்பெண் போடுவேன், அவர்களும் போடுவார்கள்.

அரைப்புள்ளி: வாக்கியத்தையே மாற்றித் தப்பிக்கச் சொல்கிறீர்கள். கோடிட்ட இடம் என்று வந்தால் இந்த வழியும் அடைபடும். அங்கே விடைக்குறிப்பு கேட்பதை எழுதிவிட்டு, வெளியே வந்து 'தேர்' என்றே பேசுங்கள்.