டர்பன்ல இருந்து மொதல் தடவை க்ரூஸ், அம்மாவும் ரெண்டு பிள்ளைங்களும் கூட வர்றாங்க, எங்க தப்பு பண்ணுவோம்னு சொல்லுங்க

லெனேசியா_தாய்:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் ஸ்கூல் லீவுல டர்பன்ல ஏறி மொசாம்பிக்ல இருக்கிற போர்ச்சுகீஸ் ஐலண்ட், பொமேனே போயிட்டு வர்ற நாலு நைட் க்ரூஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், இன்னும் பணம் கட்டல. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. நான், பையன் 9 வயசு, பொண்ணு 4 வயசு, அப்புறம் மதுரைல இருந்து வந்திருக்கிற எங்கம்மா. அம்மாக்கு 68, முட்டி வலி, பிரஷர் மாத்திரை போடறாங்க, சுத்த சைவம். பிள்ளைங்களுக்கு சவுத் ஆப்பிரிக்கா பாஸ்போர்ட், எனக்கு இந்திய பாஸ்போர்ட், பெர்மனன்ட் ரெசிடென்ஸ் இருக்கு, அம்மா விசிட்டர் விசால இருக்காங்க. ஜன்னல் இல்லாத கேபின் தான் எடுக்கலாம்னு இருக்கேன், விலை கம்மி. கப்பல் கெளம்பற அன்னிக்கு காலைல நாலு மணிக்கு ஜோபர்க்ல இருந்து கார்ல கெளம்பினா மதியம் ஏறிடலாம்ல? அம்மாக்காக சின்ன ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போலாமா? வேற என்னெல்லாம் கவனிக்கணும்?

சாட்ஸ்வர்த்_அக்கா:
தங்கச்சி, பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டியே, அது நல்லது. மொதல்ல அம்மாவோட விசா ஸ்டிக்கரை எடுத்துப் பாரு, அதுல எத்தனை என்ட்ரின்னு போட்டிருக்கும். ஒரே என்ட்ரின்னா கப்பல் மொசாம்பிக் போயிட்டுத் திரும்ப டர்பன் வந்ததும் இமிகிரேஷன்ல அது புதுசா உள்ள வர்ற மாதிரி தான் கணக்கு, நாலு நாள் தானே, ஊர்ல இருந்தே ஏறி ஊர்லயே எறங்கறோமேன்னு நம்ம ஜனங்க நெறைய பேர் இதை நினைச்சே பாக்கறதில்ல, என் நாத்தனார் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு கவுன்டர்ல தான் தெரிஞ்சுது, பாவம் பொட்டியோட திரும்பி வந்தாங்க, பணமும் போச்சு. மொசாம்பிக் விசாவும் அப்படித் தான். பிள்ளைங்களுக்கு வேணாம், உங்க ரெண்டு பேரோட இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன வேணும்னு கப்பல் கம்பெனிகிட்ட ஈமெயில்ல கேட்டு பதிலை எழுத்துல வாங்கி வை. போன்ல சொன்னா நம்பாத.

அடுத்தது, அப்பா கூட வரலல்ல, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக அவர் சம்மதக் கடிதம் அஃபிடவிட்டா வேணும், பொலிஸ் ஸ்டேஷன்ல முத்திரை குத்தித் தருவாங்க. கூடவே பெத்தவங்க பேர் இருக்கிற அன்அப்ரிட்ஜ்ட் பர்த் சர்டிபிகேட். ரெண்டையும் கைப்பைல வை, பெரிய பொட்டில வைக்காத, பொட்டியை கப்பல்காரங்க தனியா வாங்கிட்டுப் போயிடுவாங்க, கேபின் வாசலுக்கு வந்து சேர சாயந்திரம் ஆகும். அம்மா மாத்திரையும் கைப்பைல தான்.

நாலு மணிக்கு கெளம்பற யோசனையை விட்டுடு. என்3 ஹைவேல கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். வான் ரீனன் பாஸ் மலைப்பாதைல ஒரு லாரி கவுந்தாலோ பனி மூட்டம் போட்டாலோ மணிக்கணக்கா நிக்கணும், கப்பல் உனக்காக நிக்காது. முந்தின நாளே வந்துடு.

லெனேசியா_தாய்:
அக்கா ரொம்ப நன்றி, விசா விஷயம் எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கு ராத்திரியே பாக்கறேன். அம்மா முட்டி வலிக்கு அந்தத் தீவுல எறங்க முடியுமா?

தூத்துக்குடி_மாலுமி:
நான் பதினொரு வருஷம் பாசஞ்சர் கப்பல்ல கேபின் டிபார்ட்மென்ட்ல இருந்தவன், இப்ப டர்பன்ல தான் இருக்கேன். அந்த ரெண்டு எடத்துலயும் கப்பல் கரைல கட்டறதில்ல, தள்ளி நங்கூரம் போட்டு சின்ன படகுல தான் கூட்டிட்டுப் போவாங்க, ஏறும்போதும் எறங்கும்போதும் படகு ஆடும், அப்புறம் மணல்ல நடக்கணும். முட்டி வலிக்காரங்களுக்குக் கஷ்டம். போர்ச்சுகீஸ் ஐலண்ட்ல ஊரே கிடையாது, மணலும் வெயிலும் தான். அம்மா அன்னிக்கு கப்பல்லயே இருக்கட்டும், கப்பல் காலியா இருக்கும், நிம்மதியா இருப்பாங்க.

ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், தண்ணி சூடு பண்ற ராடு எதுவும் விட மாட்டாங்க, ஸ்கேன்ல எடுத்து வச்சுக்கிட்டு கடைசி நாள் தான் தருவாங்க. ஊதுவத்தி, கற்பூரம், விளக்கு கேபின்ல ஏத்தவே கூடாது. நம்மாளுங்க சாமி கும்பிடத் தானேன்னு கேப்பாங்க, ஆனா நடுக்கடல்ல தீ புடிச்சா ஓடறதுக்கு எடம் கிடையாது, அதனால தான் அவ்வளவு கண்டிப்பு. வீட்டுல சமைச்சதும் கொண்டு போக விட மாட்டாங்க. சைவம்னு புக் பண்ணும்போதே எழுதிக் குடுங்க, மொதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேனேஜர்கிட்டயும் நேர்ல சொல்லுங்க, முட்டை மீன் கூட வேணாம்னு தனித்தனியா சொல்லணும்.

கேபின் விஷயத்துல விலையை மட்டும் பாக்காதீங்க. கீழ் தளத்துல, கப்பலோட நடுவுல எடுங்க, ஆட்டம் அங்க தான் கம்மி. கம்பெனியே எடம் ஒதுக்கற மலிவு டிக்கெட்ல முன் முனையோ பின் முனையோ கிடைக்கலாம். இந்தக் கரையோரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் வடகிழக்குல இருந்து தென்மேற்கா வேகமா ஓடுது, அதுக்கு எதிரா தென்மேற்குக் காத்து அடிச்சா அலை செங்குத்தா எழும்பும், பெரிய கப்பலே ஆடும். குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டா புடிக்காது, முன்னாடியே போடணும், அம்மா பிரஷர் மாத்திரையோட சேருமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. வயித்தைக் காலியா போடக் கூடாது, காஞ்ச பிஸ்கட்டும் இஞ்சியும் போதும், மேல் தளத்துல நின்னு தொடுவானத்தைப் பாக்கணும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன், மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தா எங்க கூடணும்னு காட்டற ஒத்திகை, அதுக்குப் போகாம இருக்காதீங்க. 2012 ஜனவரி 13 இத்தாலில கோஸ்டா கன்கார்டியாங்கிற க்ரூஸ் கப்பல் பாறைல மோதினப்போ 32 பேர் செத்தாங்க, அன்னிக்கு சிவிட்டாவெக்கியா துறைமுகத்துல ஏறினவங்களுக்கு டிரில்லே இன்னும் நடக்கல, அப்போ 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு தான் சட்டம். 2015ல இருந்து கெளம்பறதுக்கு முன்னாடியோ கெளம்பின உடனேயோ நடத்தியாகணும். ஏழு குட்டை ஊதல், பின்னாடி ஒரு நீள ஊதல், அது தான் அபாய சத்தம், பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. ஏறினதும் 4 வயசுக்கான சின்ன லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்க. நான் எத்தனையோ தாய்மாருக்கு இதைக் கேபின் வாசல்ல நின்னு சொல்லியிருக்கேன்.

பீனிக்ஸ்_குமார்:
அண்ணன் சொன்னதோட பணம் விஷயம் மட்டும் சேத்துக்கறேன். டிக்கெட் விலையோட முடியாது, ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்குன்னு சர்வீஸ் சார்ஜ், வைபை, குளிர்பானம் எல்லாம் தனி. நாங்க போன கப்பல்ல கணக்கு டாலர்ல ஓடிச்சு, ராண்ட்ல மாத்திப் பாத்தப்போ வயிறு கலங்கிடுச்சு. கரையை விட்டதும் போனை ஏரோபிளேன் மோட்ல போடுங்க, இல்லன்னா கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானா புடிச்சுக்கும், நம்ம டேட்டா பண்டில் எதுவும் அதுக்கு ஓடாது, என் தம்பிக்கு அப்படித் தான் பில் வந்துச்சு.

உங்க மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கப்பல் டாக்டர் செலவைக் குடுக்குமான்னு கேட்டுக்குங்க. அம்மாவோட இந்திய இன்ஷூரன்ஸ்ல க்ரூஸ் உண்டான்னும் பாருங்க.

அப்புறம் அந்தத் தீவுல எறங்கறது உறுதின்னு பிள்ளைங்ககிட்ட சத்தியம் பண்ணிடாதீங்க. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் இந்தப் பக்கம் புயல் காலம், 2017 பிப்ரவரில டினேயோ புயல் இன்ஹம்பானே கரைல தான் ஏறுச்சு, பொமேனேயும் அந்த மாகாணம் தான். புயலே வேணாம், கொஞ்சம் அலை ஜாஸ்தியானாலும் கேப்டன் படகு எறக்க மாட்டார், அதுக்கு டிக்கெட் பணம் திரும்பக் கேக்க முடியாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கும். பொமேனே பக்கம் மலேரியா உண்டு, அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க.

லெனேசியா_தாய்:
ஸ்டிக்கரைப் பாத்துட்டேன். ஒரே என்ட்ரி தான் அக்கா. நேத்தே பணம் கட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னும் கை நடுங்குது. அம்மாவை விட்டுட்டு நாங்க மட்டும் போக மனசு வரல. அதனால டிசம்பர்ல டர்பன் நார்த் பீச் பக்கம் நாலு நாள் வீடு எடுத்துத் தங்கறோம், ரைஸ் குக்கரோட. அவர் லீவு எடுக்கற வருஷம் மல்டிபிள் என்ட்ரி விசால அம்மாவைக் கூப்பிட்டு க்ரூஸ் போவோம். மாலுமி அண்ணா, அப்போ கேபின் நம்பர் பாத்துச் சொல்ல உங்களைத் தான் கேப்பேன்.

சாட்ஸ்வர்த்_அக்கா:
நல்ல முடிவு. டர்பன் வர்றப்போ ஒரு நாள் எங்க வீட்டுக்கு சாப்பிட வாங்க, அம்மாக்கு சைவம் தான் செய்வேன்.